டாக்டர் என்னம்மா சொன்னாங்க?

"இல்லீங்க டீச்சர்" என்றார் அந்த அம்மா. நானும் "இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

2015 மே மாதம், இரும்பையில் நடந்தது இது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் பிரிந்து உள்ளே போனால் இரும்பை. செம்மண் பூமி. முந்திரி, சவுக்கு, மணிலா. ஒரு பக்கம் மாகாளேஸ்வரர் கோயில், இன்னொரு பக்கம் ஆரோவில். இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்குச் சிறப்பாசிரியராக நான் சுற்றிவந்த காலம் அது. ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய், பள்ளிக்கு வராத பிள்ளைகளையும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளையும் கணக்கெடுப்போம். படிவத்தில் ஒரு கேள்வி, மருத்துவர் யாராவது இந்தக் குழந்தைக்குக் குறைபாடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டது. நான் அதைப் படித்தேன். அவர் இல்லை என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மகன் வேப்பமரத்தில் ஏறி இறங்கினான், குழாயைத் திறந்துவிட்டு ஓடினான், என் கைப்பை ஜிப்பை நாலு முறை இழுத்துப் பார்த்தான். இரண்டாம் வகுப்பு முடித்தவன். எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் படிவம் கேட்டது என் சந்தேகத்தை அல்ல, டாக்டர் சொன்னதை. தாய் இல்லை என்கிறார், இல்லை என்று எழுதுவதுதான் முறை என்று நினைத்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. கொஞ்ச நாளில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை என்னிடம் சொன்னார், பையன் சத்துணவைத் தொடுவதே இல்லையாம். தட்டை வாங்குவான், இரண்டு வாய் தின்பான், மிச்சத்தை நாய்க்குப் போட்டுவிடுவான். வீட்டில் ஏதாவது சண்டையா, வயிற்றில் பூச்சியா என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். பூச்சி மாத்திரை கொடுக்கச் சொன்னேன். டிசம்பர் வாக்கில் பையன் மெலிந்து கன்னம் ஒட்டிப்போனான். பொங்கல் கழித்து நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தான். அதே சமயம் வகுப்பில் யாராலும் அவனைப் பிடித்து உட்காரவைக்க முடியவில்லை.

பிப்ரவரியில் அந்த அம்மா ஒரு மஞ்சப்பையோடு பள்ளிக்கு வந்தார். பையில் மருத்துவமனை நோட்டு ஒன்று, மாத்திரை அட்டைகள், ஒரு ரசீது. நோட்டின் மூன்றாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகள் இருந்தன: ஏடிஹெச்டி. அடியில் மெத்தில்ஃபெனிடேட், காலையில் ஒன்று. தேதி 2014 ஜனவரி. நான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "இல்லை" என்று டிக் போட்டதற்கு ஒரு வருடம் நாலு மாதம் முன்பு.

காலையில் அந்த மாத்திரை போட்டால் மதியம் பசி மந்தமாகும். மருந்தைப் பற்றித் தெரிந்த யாரும் முதலில் கேட்கிற விஷயம் அது. எனக்கும் தெரியும். பிள்ளை மருந்து சாப்பிடுகிறான் என்பதுதான் தெரியவில்லை. "புள்ள துரும்பா போறானேன்னு பொங்கலோட நானே நிறுத்திட்டேன் டீச்சர்" என்றார். காலை உணவை நன்றாகக் கொடுத்துவிட்டு மாத்திரை கொடுக்கலாம், அளவை டாக்டரிடம் சொல்லி மாற்றலாம், சாயங்காலம் பசி திரும்பும்போது ஒரு வேளை கூடுதலாகப் போடலாம் என்று சொல்ல ஒரு ஆளாக நான் ஏழு மாதமாகப் பள்ளிக்கு வந்துபோய்க்கொண்டிருந்தேன்.

"நான் கேட்டப்ப ஏம்மா சொல்லல?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நீங்க கொறை இருக்கான்னு கேட்டீங்க. என் புள்ளைக்குக் கை கால் நல்லாத்தானே இருக்குது? டாக்டரு கவனம் பத்தல, மாத்திரை குடுத்தா நெதானமா குந்திப் படிப்பான்னுதான் சொன்னாரு. கொறைன்னு சொல்லலியே." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "நீங்க வந்தப்ப அவன் மாத்திரையும் சாப்புடல. லீவுல வேணாம்னு சொல்லியிருந்தாங்க."

மருந்தைக் கோடை விடுமுறையில் நிறுத்திவைப்பது சில டாக்டர்கள் செய்வதுதான். நாங்கள் கணக்கெடுப்பதோ மே மாதம். வருடத்தில் எந்த மாதத்தில் கேட்டால் தவறான பதில் வருமோ அந்த மாதத்தைப் பார்த்துப் போய்க் கேட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து என் மனதில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. பிள்ளைக்கு டாக்டர் என்ன சொன்னார் என்பதைத் தாய் தகப்பன் எவ்வளவு சரியாகச் சொல்கிறார்கள்? எங்கள் துறையில் இதற்கு ஒரு சலிப்பான பதில் உண்டு. "பேரண்ட்ஸ் சொல்றத நம்ப முடியாது." பயிற்சிகளில், முகாம்களில், மதிய உணவு நேரத்துப் பேச்சில் இதை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நானும் சொல்லியிருக்கிறேன். இன்று அதை யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

ஏன் என்றால், இந்தக் கோளாறு கண்டுபிடிக்கப்படுவதே தாயின் வாயிலிருந்துதான். இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டின்படி, கவனக்குறைவுக்கான ஒன்பது அறிகுறிகளில் ஆறோ, மிகைத் துடிப்புக்கான ஒன்பதில் ஆறோ ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். இத்தனையையும் டாக்டர் யாரிடம் கேட்பார்? தாயிடமும் ஆசிரியரிடமும்தான். இந்தியக் குழந்தைகளுக்கென்று உருவாக்கி 2014-ல் வெளியிடப்பட்ட இன்க்ளென் அமைப்பின் மதிப்பீட்டுக் கருவியும் பெற்றோரைக் கேட்டு நிரப்புவதுதான். நோயைச் சொல்லும்போது நம்பகமான சாட்சியாக இருந்தவர், அதன் பெயரைச் சொல்லும்போது மட்டும் நம்பத்தகாதவர் ஆகிவிடுகிறார் என்றால், நடுவில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டாமா?

நடுவில் நடப்பதை ஒரு முறை நேரில் பார்த்தேன். வேறொரு பிள்ளை, வேறொரு மருத்துவமனை. துணைக்கு நானும் போயிருந்தேன். விடியற்காலை கிளம்பி, வரிசையில் நின்று சீட்டு வாங்கி, பன்னிரண்டு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் நல்லவர். பொறுமையாகக் கேட்டார், பிள்ளையை மேசையைச் சுற்றி ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற பயிற்சி மருத்துவரிடம் நோயின் பெயர், வகை, தீவிரம், மருந்தின் அளவு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். தாயிடம் திரும்பி, "சேட்டை கொஞ்சம் ஜாஸ்திம்மா. மாத்திரை எழுதியிருக்கேன். ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றார். வெளியே இன்னும் எண்பது பேர் இருந்தார்கள். வரும் வழியில், பஸ் மொரட்டாண்டி சுங்கச்சாவடி தாண்டும்போது, அந்தத் தாய் தன் மாமியாருக்குப் போன் போட்டார். "ஒண்ணும் இல்லியாம் அத்த. சேட்டைதானாம்."

வார்த்தை பிசகாமல் சொன்னார். டாக்டர் அவரிடம் கொடுத்தது அவ்வளவுதான்.

நோயின் பெயர் கைக்கு வராதபோது, மக்கள் கையில் கிடைத்ததைப் பெயராக்கிக்கொள்கிறார்கள். தலையில் ஒயர் வைத்து ஈஈஜி எடுத்திருந்தால் "ஃபிட்ஸ்னு சொன்னாங்க" என்பார்கள். நரம்பியல் பிரிவுக்குப் போகச் சொல்லியிருந்தால் "நரம்புத் தளர்ச்சி." ஐக்யூ பார்த்திருந்தால் "மூளை வளர்ச்சி கம்மி." பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தால் "பேச்சு லேட்டு." மனநலப் பிரிவுக்குப் போயிருந்தால் பெரும்பாலும் போனதையே சொல்ல மாட்டார்கள். இவற்றில் எதுவும் பொய் கிடையாது. ஒவ்வொன்றும் அவர்கள் நடந்துவந்த ஒரு வராண்டாவின் பெயர்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை விவகாரம் இதைவிட ஆழமானது. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைகள் இருந்தன. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம் சேர்ந்தது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு சேர்ந்தது. ஏடிஹெச்டி அந்தப் பட்டியலில் இல்லை. பள்ளிப் பதிவும், முகாமும், அடையாள அட்டையும் அந்தப் பட்டியலை வைத்தே ஓடுகின்றன. அப்படியானால் இந்தப் பிள்ளையை எந்தக் கட்டத்தில் எழுதுவது? படிப்பிலும் பின்தங்கியிருந்தால் கற்றல் குறைபாடு. சோதனையன்று உட்கார மறுத்து மதிப்பெண் குறைந்திருந்தால் அறிவுசார் குறைபாடு. இரண்டும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை. ஒரு தகப்பனார், கிளியனூர் பக்கம் கொத்து வேலைக்குப் போகிறவர், மகனின் அட்டையை லேமினேஷன் செய்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்டதும் அதை எடுத்து நீட்டினார். அதில் அறிவுசார் குறைபாடு என்று இருந்தது. அவர் மனைவி உள்ளேயிருந்து கொண்டுவந்த மருத்துவமனை நோட்டில் ஏடிஹெச்டி. "நோட்டு ஆஸ்பத்திரிக்கு, அட்டை கவர்மெண்டுக்கு" என்று விளக்கினார். இரண்டில் எது உண்மை என்று அவரைக் கேட்க எனக்கு என்ன உரிமை? பஸ்ஸில் சலுகை தருவது அட்டை. பள்ளிப் பதிவேட்டில் ஏறுவது அட்டை. அவர் நம்பியதும் அட்டையைத்தான்.

அமெரிக்காவில், டாக்டர் என்ன சொன்னார் என்ற இந்தக் கேள்வி நாடு முழுக்கக் கேட்கப்படுகிறது. குழந்தைகள் நலம் பற்றிய தேசிய ஆய்வில், உங்கள் பிள்ளைக்கு ஏடிஹெச்டி இருப்பதாக டாக்டரோ வேறு சுகாதாரப் பணியாளரோ எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று பெற்றோரைக் கேட்கிறார்கள். 2022-ல் 3 முதல் 17 வயது வரையான பிள்ளைகளில் 11.4 சதவீதம் பேரின் பெற்றோர் ஆம் என்றார்கள். சுமார் 71 லட்சம் பிள்ளைகள். அந்த நாட்டின் பெரிய கணக்கு ஒன்று பெற்றோரின் வார்த்தையில் நிற்கிறது. அது தாங்குமா என்று அங்கே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பெற்றோர் சொன்ன விகிதத்தையும் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகள் காட்டும் விகிதத்தையும் ஒப்பிட்டபோது இரண்டும் பெரிதாக விலகவில்லை.

இதைப் படித்தபோது அங்கே பெற்றோர் ஒழுங்காகச் சொல்கிறார்கள், இங்கேதான் இல்லை என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே டாக்டர் அந்தப் பெயரைப் பெற்றோரின் மொழியில் அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். பள்ளிக்கு எழுதிக் கொடுக்கிறார். காப்பீட்டுக்கு அந்தப் பெயரைப் போட்டால்தான் பணம் வரும். ஒரு பெயரைப் பத்து இடத்தில் பத்து முறை சொல்லவேண்டியிருந்தால் யாருக்கும் மறக்காது. எங்கள் ஊர்த் தாய்க்கு அந்தப் பெயர் எங்கேயும் தேவைப்படவில்லை. மருந்துக் கடைக்காரருக்குக்கூட சீட்டை நீட்டினால் போதும்.

கோவாவில் நடந்து 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு நெருக்கமானது. விக்ரம் படேலும் உடன் ஆய்வாளர்களும், ஏடிஹெச்டி என்று ஏற்கெனவே கண்டறியப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரிடம் போய், உங்கள் பிள்ளைக்கு என்ன என்று அவர்கள் வார்த்தையிலேயே கேட்டார்கள். சிலர்தான் மருத்துவக் காரணத்தைச் சொன்னார்கள். மற்றவர்கள் படிப்பு ஏறவில்லை, நினைவில் நிற்கவில்லை என்கிற மாதிரியே சொன்னார்கள். இரும்பையிலும் இடையஞ்சாவடியிலும் நான் கேட்பதும் அதேதான். கோயம்புத்தூரில் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையான 770 பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்டு 2013-ல் வெளியிட்ட ஆய்வு 11.32 சதவீதம் என்றது. அது அறிகுறிகளைக் கேட்டு வந்த எண். டாக்டர் என்ன பெயர் சொன்னார் என்று கேட்டிருந்தால் அந்த எண் வந்திருக்காது என்பது என் அனுபவம். நடத்தையைக் கேளுங்கள், தாய்மார்கள் நாள் கணக்கு மணிக் கணக்கோடு சொல்வார்கள். பெயரைக் கேட்டால் திண்ணையில் ஒரு மௌனம் வரும்.

மறுபக்கமும் உண்டு. டாக்டர் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வது. இதில் நான் பட்டது மறக்கவே முடியாதது.

ஒரு சிறுமி, ஒன்றாம் வகுப்பு. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், சொன்னதைச் செய்ய மாட்டாள், வகுப்பில் எழுந்து எழுந்து நடப்பாள். அவள் அம்மா கேட்டார், "இவளுக்கு என்னா டீச்சர்?" நான் பள்ளி வாசலில் ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்துகொண்டே, "ஏடிஹெச்டி மாதிரி இருக்கும்மா, காட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒரு வாசகம், அவ்வளவுதான். அடுத்த வருடம் முகாமில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது அதே அம்மா வந்தார். முன்னால் இருந்தவர் கேட்டார், ஏற்கெனவே யாராவது பார்த்திருக்கிறார்களா? "பாத்துட்டாங்க சார். ஏடிஹெச்டின்னு சொல்லிட்டாங்க." சீட்டில் "ஏற்கெனவே கண்டறியப்பட்டது" என்று ஏறியது. எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போனது. யார் சொன்னார்கள் என்று நான் கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். "நீங்கதான டீச்சர்."

அவர் பார்வையில் வெள்ளைக் கோட்டுக்கும் என் அடையாள அட்டைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கழுத்தில் அட்டை தொங்க, கையில் ஃபைலோடு வந்து ஆங்கிலப் பெயர் சொன்ன ஒரு ஆள். அந்தக் குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அழைத்துப் போனோம். ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய திட்டம் 2013-ல் வந்தபோது அதன்கீழ் அமைந்த மையங்கள் இவை. தொடங்கியபோது திட்டம் பார்க்கச் சொன்ன 30 நிலைகளில் ஏடிஹெச்டியும் ஒன்று, காது கேளாமையும் ஒன்று. அங்கே முதலில் காதைப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. பாதிப் பேச்சு அவளுக்குக் கேட்கவே இல்லை. சிகிச்சைக்குப் பிறகு வந்த முதல் வாரம், பின்வரிசையிலிருந்து என் குரலுக்குத் திரும்பினாள்.

தப்பு தாயினுடையது இல்லை. நான் வாசலில் சிந்திய வார்த்தை சுற்றிவந்து ஒரு நோயாக என் மேசைக்கே வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த நான்கு எழுத்தை நான் எந்தத் தாயிடமும் என் யூகமாகச் சொன்னதில்லை. பார்த்ததை மட்டும் சொல்வேன்: கூப்பிட்டால் திரும்பலம்மா, பத்து நிமிஷம் உட்காரலம்மா.

திண்டிவனம், விழுப்புரம் நகரத்துத் தனியார் பள்ளிகளில் "ஹைப்பர்" என்ற சொல் இப்போது சாதாரணமாகப் புழங்குகிறது. "மிஸ் ஹைப்பர்னு சொன்னாங்க" என்பதுதான் அங்கே பெற்றோரின் முதல் வாக்கியம். அதைப் பிறகு டாக்டர் சொன்னதாக நினைவு கொள்கிறவர்களும் உண்டு. வேண்டுமென்று செய்வதில்லை. யார் சொன்னது என்பது மறந்துபோய்ச் சொன்னது மட்டும் நிற்பது மனித மனத்துக்கு இயல்பு.

தெரிந்தே மறைப்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள். துள்ளி ஓடாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளின் கவனக்குறைவு சுலபத்தில் கண்ணில் படாது. கண்ணில் பட்டு, டாக்டரும் சொல்லி, மருந்தும் தொடங்கிய பிறகு வீட்டில் மூடிவைப்பார்கள். ஒரு வீட்டில் அம்மா ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆயா, "ஏன், மாசா மாசம் புள்ளைய இட்டுனு போறியே" என்றுவிட்டார். அம்மாவின் முகம் வாடியது. நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது இந்தக் காகிதம் வெளியே வந்தால்? நான் பேனாவை மூடினேன். "எழுத மாட்டேம்மா. ஆனா எனக்குத் தெரியணும், வகுப்புல அவளை முன்வரிசைல உக்காரவைக்கணும்" என்றேன். அதன் பிறகு சொன்னார், எல்லாவற்றையும், மாத்திரை அளவு உட்பட. ஒரு படிவம் அந்த வீட்டில் பொய் வாங்கிக்கொண்டு போயிருக்கும்.

இரும்பைக் கோயிலில் லிங்கம் உடைந்து, செப்புத் தகட்டால் சேர்த்துக் கட்டியிருக்கும். கடுவெளிச் சித்தர் கதையை இந்தப் பக்கத்தில் எந்த ஆயாவும் சொல்வார். ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் சலங்கை கழன்றது, சித்தர் எடுத்து மாட்டிவிட்டார், பார்த்த கூட்டம் கைகொட்டிச் சிரித்தது, அவர் மனம் நொந்து பாடப் பாட லிங்கம் வெடித்தது. துறுதுறுப்பான பேரனுக்காக அங்கே நேர்ந்துகொண்ட ஒரு ஆயாதான் எனக்கு அதைச் சொன்னார். "பாத்தவன் பாத்தத வச்சித்தான் பேசுவான் டீச்சர். சித்தருக்கு என்னா தெரியும்னு யாரு கேட்டா?" நான் அந்த வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

இப்போது நான் கேட்கும் முறை வேறு. குறைபாடு என்ற சொல்லை எடுப்பதில்லை. "புள்ளைய எந்த ஆஸ்பத்திரிக்கெல்லாம் இட்டுனு போனீங்க?" என்று ஆரம்பிப்பேன். கோரிமேட்டில் ஜிப்மரா, முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரியா, முட்டுக்காட்டில் நிப்மெட்டா, தனியாரா? எந்த ரூம்? டாக்டர் என்னம்மா சொன்னாங்க, அவங்க சொன்ன வார்த்தையையே சொல்லுங்க. மாத்திரை எது, எப்போதிலிருந்து, லீவில் நிறுத்துவீர்களா? கடைசியாக, பையைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை உண்டு. துணிக்கடைப் பையோ, மஞ்சப்பையோ, பீரோவின் அடித்தட்டில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கும். பையைத் திறந்ததும் பேச்சு தன்னால் வரும்.

வருடத்தைக் கேட்டால் சொல்லத் தெரியாது என்பார்கள். தானே புயலுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் உடனே சொல்வார்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய அந்தப் புயல் இந்தப் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. அதற்குப் பிறகு கொரோனா. அதற்கும் பிறகு ஃபெஞ்சல் புயல். இந்த மூன்று முளைக்குச்சிகளை நட்டுக்கொண்டால் ஒரு பிள்ளையின் முழு மருத்துவ வரலாற்றையும் தேதி பிசகாமல் கட்டிவிடலாம்.

ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு நான் வீடுகளைப் பார்க்கப் போனேன். எங்கே பார்த்தாலும் கொடியில் புடவைகளோடு காகிதங்களும் காய்ந்துகொண்டிருந்தன. பட்டா, பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல்.

2015-ல் எனக்கு "இல்லீங்க டீச்சர்" என்று சொன்ன அந்த அம்மாவின் வீட்டிலும் கொடி கட்டியிருந்தது. மருத்துவமனை நோட்டு ஊறி உப்பி, மை கரைந்து, பக்கம் பக்கமாக நீலக் கறை. மகன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். எட்டாம் வகுப்பில் மருந்தை நிறுத்தியிருந்தார்கள். இப்போது தேர்வு நெருங்க மறுபடி தடுமாறுகிறான், டாக்டரைப் பார்க்க வேண்டும். பழைய சீட்டு கேட்பார்கள், என்ன செய்வது என்று அவர் கலங்கி நின்றார்.

ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கிவரச் சொல்லி, திண்ணையில் உட்கார்ந்தேன். அதே திண்ணை, அதே வேப்பமரம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தானே புயல் அடித்து ரெண்டு வருஷம் கழித்து, பொங்கலுக்கு முன்னால் முதல் முறை போனது. ரூம் நம்பர். ஒயர் வைத்துப் பார்த்தது, அதில் ஒன்றும் இல்லை என்று சொன்னது. முதல் மாத்திரை எத்தனை மில்லிகிராம், எப்போது கூட்டினார்கள், எந்த லீவில் நிறுத்தினார்கள், கொரோனாவில் மருந்து கிடைக்காமல் நின்றது. பத்து வருடம். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. எனக்குத் தெரிந்த இடங்களில் எல்லாம் ஒத்துப்போனது. பழைய காகிதத்தில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது.

"பேரையும் எழுதிடுங்க டீச்சர். தமிழ்லயே."

ஏடிஹெச்டி என்று எழுதி, அடியில் கவனக்குறை மிகைச் செயல்பாட்டுக் கோளாறு என்றும் எழுதினேன். அவர் நோட்டைத் திருப்பி, விரலை வைத்து எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். மகன் எட்டிப் பார்த்தான். பிறகு நோட்டை என்னிடமே திருப்பித் தந்தார்.

"மூணாவது படிக்கையில மதியத்துல சாப்பாடு எறங்கல டீச்சர். அத எழுதலியே நீங்க. அதையும் எழுதுங்க."